சாமந்தியின் வைராக்கியம்

மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர். அதன் தண்ணீரில் ஒரு வெள்ளைச் சாமந்தி நின்றது. காலையில் யாரோ பேனாவை உதற, மை சொட்டித் தண்ணீர் முழுக்க நீலமாகிவிட்டது.

சாமந்தி முகத்தைச் சுளித்தது. "கண்டவனும் விழுந்த தண்ணியை நான் தொடமாட்டேன்."

"தாகத்துல வாடிடுவியே," என்றது டம்ளர்.

"வாடினா வாடறேன். எங்க வம்சம் அப்படி."

வெயில் ஏறியது. இதழ்களில் ஈரம் காயக் காய, தண்டுக்குள் இருந்த மெல்லிய குழாய்கள் சத்தமில்லாமல் தண்ணீரை மேலே இழுத்தன.

சாயங்காலம் டம்ளர் கேட்டது: "தண்ணி குறைஞ்சிருக்கே?"

"வெயில்ல வத்தியிருக்கும். நான் ஒரு சொட்டுகூடத் தொடல."

"சரி, நம்பறேன். ஆனா இதழ் நுனியெல்லாம் நீலமா இருக்கு. யாராவது பாக்கறதுக்குள்ள வாயைத் துடைச்சுக்கோ."