திருப்பி மாட்டிய ஃபேன்
சமையலறைச் சுவரின் வட்டத் துளை வழியாக மதிய வெயில் இறங்கி, மேடைமேல் வெள்ளைத் தட்டுபோல் கிடக்கிறது. அந்தத் துளையிலிருந்து கழற்றிய எக்ஸாஸ்ட் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு, இறக்கைகளில் அடையடையாக ஒட்டியிருக்கும் பிசுக்கைக் கரண்டிக் காம்பால் சுரண்டுகிறான் மருமகன். "ஃபேன் கத்தினா கத்திட்டுப் போகுது, விடுங்க மாப்பிள்ளை," என்கிறாள், பக்கத்தில் மாவு சலித்துக்கொண்டிருக்கும் மாமியார். ஏன் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். மகள் இறந்ததிலிருந்து, அந்த இரைச்சலைப் போட்டுவிட்டுத்தான் அவள் அழுகிறாள். அவன் கூடத்தில் காது கேளாதவன்போல் உட்கார்ந்திருக்கிறான். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் அழுதது போதும் என்று இன்றைக்கு அவனுக்குத் தோன்றியிருக்கிறது. தண்டில் எண்ணெய் விடுகிறான், ஸ்டூலில் ஏறி மாட்டுகிறான், இறங்கி ஸ்விட்சைத் தட்டுகிறான். துளிச் சத்தம் இல்லை. ஆனால் வெளிக்காற்று குபுகுபுவென்று உள்ளே பாய்கிறது. சலித்த மாவு எழும்பி அவள் புருவம், மூக்கு, தலைமுடி எல்லாம் அப்புகிறது. "ஐயோ அத்தை, முன்பின்னா மாட்டிட்டேன்!" அவன் பதறி ஸ்விட்சை அணைக்கிறான். அவள் மாவு முகத்தோடு அவனையே பார்க்கிறாள். "படிச்ச மாப்பிள்ளைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாளே எம்பொண்ணு, அவ பாக்கணும் இதை!" சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். இத்தனை நாளில் இருவருக்கும் நடுவே இறந்தவளின் பேச்சு வருவது இதுதான் முதல் தடவை. அவனுக்கும் சிரிப்பு வருகிறது, கண்ணில் நீரோடு. அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். "ஏறுங்க. நான் பிடிச்சுக்கறேன்."