அட்மிரலின் மூலை

ஐந்தரைக்கு எழும்புவேன். முகம் கழுவுவேன். மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் வைப்பேன்.

அது கொதிக்கும் வரை மீன்தொட்டிக்கு முன்னால் நிற்பேன். செத்துக் கிடப்பதைத் தேத்தண்ணி வடியால் எடுப்பேன். பழைய வடி. கிணற்றடி வாழைக்குக் கீழே புதைப்பேன்.

பிறகு சவரம். பிறகு கடையில் பாண் வாங்கக் கியூ. பிறகு துறைமுகக் கந்தோர்.

என் மனைவி மக்டலின் இறந்தபோது தொட்டியில் ஒன்பது மீன்கள் இருந்தன. இன்று முப்பத்தோராம் நாள். இரண்டு மிச்சம்.

ஒன்று அட்மிரல். சாம்பல் உடம்பில் கறுப்பு வரிகள் போட்ட சிக்லிட். கொழும்பிலிருந்து ரயிலில், மடியில் வைத்த பொலித்தீன் பையில், அவளுக்கென்று நான்தான் கொண்டுவந்தேன். குஞ்சாக இருந்தபோது எல்லாவற்றோடும் சேர்ந்து நீந்தியது. வளர்ந்ததும் கற்குவியலைப் பிடித்துக்கொண்டது. கிட்டப் போனதையெல்லாம் கடித்தது.

"வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் குடுத்திட்டுப் போனது இவருக்கு இன்னும் தெரியாது போல" என்று சிரித்து, பெயரை வைத்தவள் அவள்.

மற்றது ஒரு ஏஞ்சல் மீன். வாலில் பாதி இல்லை. மேல் மூலையில், காற்றுக்குழாய்க்குப் பின்னால், அசையாமல் நிற்கும். இரை போட்டாலும் இறங்காது.

அதுவும் போனால் தொட்டியில் அட்மிரல் மட்டும்தான். அட்மிரலை மட்டும் பார்த்துக்கொண்டு இந்த வீட்டில் ஐந்தரைக்கு எழும்ப என்னால் முடியாது.

செய்யாதது இல்லை. வயிறு நிறைந்தால் அடங்கும் என்றார்கள். அள்ளிப் போட்டேன். நிறைந்த வயிற்றோடு கடித்தது. நடுவில் கண்ணாடி இறக்கினேன். கற்களில் தட்டி அடிவரை போகவில்லை. இடுக்கால் வந்துவிட்டது. பிடித்து வாளியில் விடலாம் என்று வலை போட்டேன். கற்களுக்கு அடியில் பூந்துகொண்டது.

எந்த வழியும் கற்களில் போய் நின்றது.

கந்தோரில் அடுத்த மேசை அன்ஸார். கிண்ணியாவிலிருந்து வருபவன். வீட்டில் நாலு தொட்டி வைத்திருக்கிறான்.

"கல்லுகள இடம் மாத்திப் போடு மச்சான். எது தன்ட மூலயெண்டு அவனுக்கே தெரியாமப் போகும். பொண்டாட்டி வீட்டுக்கு வந்த புது மாப்பிள மாதிரி ரெண்டு நாளைக்கி வாயத் திறக்க மாட்டான்."

"ஏலாது" என்றேன்.

"ஏன், கையக் கடிச்சித் தின்னுடுவானா?" என்றவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவ வெச்ச கல்லெண்டு பாக்கிறியா?"

ஓம் என்றேன். யாருக்கும் விளங்கக்கூடிய காரணம் அது. டச்பே கடற்கரையில் அவள் பொறுக்கி, குசினியில் அவித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கற்கள்தான். சொன்னது பொய் இல்லை. காரணமும் அதுவல்ல.

இன்று நினைவுப் பூசை. பாண் கியூவுக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வடியோடு தொட்டிக்கு வந்தேன்.

ஏஞ்சல் தன் மூலையில் இல்லை. கீழே மணலில் சரிந்து கிடந்தது. செவுள் அசைந்தது. அட்மிரல் பின்வாங்கிப் பாய்ந்து கடித்தது. மறுபடி பின்வாங்கியது.

வடியை எங்கே போட்டேனோ தெரியாது. சட்டைக் கையோடு தண்ணீருக்குள் கையை விட்டிருந்தேன்.

முதல் கல். விரலில் கடித்தது. இரண்டாவது கல். மறுபடி கடித்தது. பெரியதைத் தூக்கியபோது அடியில் கிடந்த அழுக்கெல்லாம் எழும்பியது. இடப்பக்கத்தில் இருந்ததை வலப்பக்கம் வைத்தேன். வலப்பக்கத்தில் இருந்ததை நடுவில் வைத்தேன். மிச்சத்தைக் கண்டபடி உருட்டினேன்.

கடி நின்றுவிட்டது.

தண்ணீர் மண்ணிறமாகிவிட்டது. ஏஞ்சல் உயிரோடு இருக்கிறதா என்று தெரியவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். என் கைகூடத் தெரியவில்லை.

"தம்பி, பூசைக்கு நேரமாச்சு. இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

மக்டலினின் அம்மா. வாசலில் குடையோடு நின்றா. மற்றக் கையில் பூசையில் கொடுக்க அச்சடித்த நினைவு அட்டைகள். மகளின் படத்துக்குக் கீழே, 'இயேசு மரி சூசை என்று சொல்லியபடி கண் மூடினாள்' என்று போட்டிருக்கிறது. அச்சடிக்கக் கொடுக்குமுன் என்னிடம் கேட்டவ. "கடைசியா அதைத்தானே சொன்னவள், தம்பி?" நான் ஓம் என்றேன்.

நான் அங்கே இருக்கவில்லை.

காய்ச்சல் குறைகிறது, வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அது புதன் பின்னேரம். ஆஸ்பத்திரியில் பார்க்கும் நேரம் முடிய இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. அவள் என்னை எழும்பச் சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்தேன். தேத்தண்ணி குடித்தேன். பேப்பர் பார்த்தேன். களைப்பாக இருந்தது. நாளைக்குச் செய்யலாம் என்று படுத்துவிட்டேன்.

விடிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டியது.

அவள் எனக்கு விட்டுப்போன வேலை ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்யாத வரைக்கும் அவளுக்கு நான் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது.

அட்டையில் இருப்பதை அவள் சொல்லியும் இருக்கலாம். நான் கேட்டது, தலையணையில் சரிந்து, வறண்ட உதட்டால் சிரித்துக்கொண்டு அவள் சொன்னதைத்தான்.

"இஞ்ச என்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருந்து என்ன செய்யப்போறியள்? போய் அந்தக் கல்லுகளை மாத்தி வையுங்கோப்பா. நாளைக்கு வரேக்கை எத்தினை மீன் மிச்சமெண்டு சொல்லுங்கோ."