இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனா

“என்னைக் கேக்காம ஆன்டெனாவை மாத்தச் சொன்னது யாரு மாமா? சொல்லுங்க, யாரு?”

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் டீச்சரம்மா. அவள் டீச்சர் இல்லை. கருவிகளை வடிவமைக்கிற இன்ஜினியர். எதைக் கேட்டாலும் முதல் பாடத்திலிருந்து விளக்குகிறாள் என்று அக்கா கணவர் வைத்த பட்டப்பெயர் அது.

அந்த அக்கா கணவர்தான் கம்பெனி முதலாளி. ஓர் அட்டைப்பெட்டியின் மேல், கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நான்தான் சொன்னேன். என் கம்பெனி, என் சரக்கு. அதுக்கென்ன இப்ப?” என்றபோது அவருக்கும் உதடு துடித்தது.

கதவு மட்டும் திறந்திருந்தால் அந்தச் சத்தத்துக்கு ஒரு கூட்டமே கூடியிருக்கும்.

சண்டை ஒரு சிவப்புப் பொத்தானைப் பற்றியது. குளிர்பதனக் கிடங்கில் ஆள் உள்ளே இருக்கும்போது கதவு சாத்திக்கொண்டு, உள்பக்கக் கைப்பிடியும் பனியில் இறுகிவிட்டால், அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும். அது கம்பியில்லாமல் சேதி அனுப்பும். காவலாளி அறையில் மணி அடிக்கும்.

அந்தப் பொத்தான் வைத்த முதல் பெட்டியை அன்றுதான் ஒரு கிடங்கில் பொருத்தியிருந்தார்கள். மீதியெல்லாம் அந்த வாரமே மற்றக் கிடங்குகளுக்குப் போகக் காத்திருந்தன. பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் டீச்சரம்மாவுக்கு விஷயம் தெரிந்தது.

“நான் என்ன வரைஞ்சு கொடுத்தேன்? பெட்டி உள்ளே இருக்கட்டும், ஆன்டெனா சுவருக்கு வெளியே இருக்கட்டும், நடுவுல ஒரு வயர். அவ்வளவுதானே?”

“சுவத்துல ஓட்டை போட்டாக் குளிர் கசியும்னு கிடங்குக்காரங்க குதிக்கிறாங்க. வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா சரக்கு வண்டி இடிச்சு ஒடிச்சிடும். அதான் அரிசி மணியாட்டம் ஒண்ணைப் பெட்டிக்குள்ளயே வைக்கச் சொன்னேன். அடக்கமா, அழகா இருக்குல்ல?”

“அழகா இருக்கா! அது என்ன ஷோகேஸ் பொம்மையா?” டீச்சரம்மா தரையை ஓங்கி உதைத்தாள். “பிளாஸ்டிக் பெட்டின்னா அந்தக் குட்டி ஆன்டெனா போதும். இது இரும்பு மாமா. பக்கத்துல இரும்பு நெருக்கினா அதுக்குக் குரலே எழும்பாது. எழும்பினாலும் மூடியில மோதித் திரும்பிடும். தப்பித் தவறி பெட்டியைத் தாண்டினாலும், கிடங்குச் சுவர் மொத்தமும் தகரம். விளக்கைக் குடத்துக்குள்ள வெச்சு மூடிட்டு, அந்தக் குடத்தை இன்னொரு குடத்துக்குள்ள வெச்ச கதைதான்.”

“ஆரம்பிச்சிட்டியா பாடத்தை! ஆபீஸ்ல வெச்சு நானே அமுக்கிப் பார்த்தேன். மணி கணீர்னு அடிச்சுதே?”

“மூடியைக் கழட்டிட்டுத்தானே அமுக்குனீங்க? அதுவும் மணி அடுத்த மேஜையில!”

மாமாவுக்குச் சுருக்கென்றது. விருட்டென்று எழுந்துவிட்டார். “வர வர உனக்குக் குளிர் விட்டுப்போச்சு!”

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமில்லை என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று.

“சிரி, நல்லா சிரி! உங்க அக்கா நச்சரிச்சாளேன்னு வேலைக்கு வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“அக்கா உங்களோட குப்பை கொட்டுறது பத்தாதுன்னு நானும் வந்து மாட்டிக்கிட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!”

மாமா ஃபோனை எடுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த கேள்வி சற்று இறங்கின குரலில் வந்தது.

“அப்ப, அமுக்கினா யாருக்குமே கேக்காதுங்கிற?”

“விரல் தேயத் தேய அமுக்கினாலும் கேக்காது.”

“சுவத்தைத் தட்டினா?”

“தகரத்துக்கு நடுவுல முழுக்கத் தெர்மகோல். செவிடன் காதுல ஊதின சங்குதான்.” அவள் குரல் மறுபடியும் ஏறியது. “உள்ளே மாட்டுறவன் எவனோ ஒருத்தன்தானே, நாம இல்லையேன்னு நினைச்சீங்க. அதானே மாமா? அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கே ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பான்னு தோணவே இல்லையா?”

மாமா மெல்லக் கேட்டார்.

“அவன் எவ்வளவு நேரம் தாங்குவான்?”

“கம்பளிக் கோட்டு போட்டிருந்தா நிறைய நேரம் தாங்குவான்.”

“போடலைன்னா?”

கேட்ட கேள்விக்கு அவள் விளக்கம் தராமல் நின்றதை மாமா அன்றுதான் பார்த்தார். அவருடைய கோபமெல்லாம் எங்கேயோ வடிந்துவிட்டது.

“தப்பு என்னுதுதாம்மா. நீ வரைஞ்சபடியே எல்லாப் பெட்டிக்கும் ஆன்டெனாவைச் சுவருக்கு வெளிய மாத்திடலாம். போதுமா?”

“மாத்தலாம் மாமா. முதல்ல யாராவது வந்து இந்தக் கிடங்குக் கதவைத் திறக்கட்டும்!”