அறுபதைத் தாண்டினால்

கடலடிப் பிளவில் அழுத்தம் கூடியதால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கான நிலநடுக்க அபாயம் அறுபத்திரண்டு சதவீதம் என்றது சுவரிலிருந்த எச்சரிக்கைத் திரை. அறுபதைத் தாண்டினால் எல்லோரும் கட்டடத்தைவிட்டு வெளியேற வேண்டும். போர்ட் பிளேயரின் அந்த டயாலிசிஸ் மையத்தில் மிஞ்சியவர்கள் நோயாளி சலோமியும் நர்ஸ் தேன்கனியும்தான்.

“நீ போம்மா. வீட்டுல கைக்குழந்தை இருக்கு,” என்றாள் சலோமி.

“உங்க ரத்தம் மெஷின்ல ஓடுதுக்கா. அதத் திருப்பி ஏத்தாம எப்படிப் போறது?”

திரை எழுபத்தொன்று காட்டியது. தேன்கனி ரத்தம் திரும்பும் குழாயை மட்டுமே பார்த்தாள். பத்து நிமிடத்தில் ஊசியை எடுத்து, கட்டுப்போட்டு, சலோமியைத் தாங்கி மூன்று மாடி இறக்கினாள்.

பூமி அசையவில்லை. அபாயம் ஐம்பத்தெட்டாகக் குறைந்ததாக வாசலில் அறிவித்தார்கள். தேன்கனி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சலோமி அவள் தோளைத் தொட்டாள். “டயாலிசிஸ் இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கிம்மா. மேல போவமா?”