குத்தாத சட்டை

“இன்னொரு தடவை எடுத்துடலாம்” என்று கணவன் ஸ்டாண்டில் இருந்த போனை நேராக்கினான்.

அவள் மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, வீடியோவில் வராதபடி தள்ளி நின்றுகொண்டாள்.

ஜன்னலோர நாற்காலியில் மகள். ஏழு வயது. அம்மா தைத்த பள்ளிச் சீருடைச் சட்டையைப் போட்டிருந்தாள்.

பார்வைக்கு மற்ற பிள்ளைகள் போடுவதைப் போலத்தான் இருக்கும். ஆனால் தையல் மடிப்புகள் எல்லாம் வெளிப்பக்கம். அதே நிறத்தில் மெல்லிய பட்டி வைத்து அவற்றை மூடியிருந்தாள். உள்ளே லேபிள் கிடையாது, முடிச்சு கிடையாது. உடம்பில் படுவது துணி மட்டும்.

போன வருடம் வரை இந்தப் பிள்ளைக்குச் சட்டை போடுவதென்றால் வீட்டில் தினமும் ஒரு யுத்தம். “குத்துது, குத்துது” என்று அழுவாள். விருந்தாளிகள் முன்னாலேயே கழற்றி எறிவாள். பள்ளியிலிருந்து பாதியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அம்மா ஏற்றுமதி ஆடை கம்பெனி ஒன்றில் மாதிரி உடுப்பு தைக்கும் சாம்பிள் டெய்லராக இருந்தவள். முகம் தெரியாத எத்தனையோ பிள்ளைகளுக்குத் தைத்தவளுக்கு, பெற்ற பிள்ளைக்கு ஒரு சட்டை தைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தைப்பாள், பிரிப்பாள், மறுபடி தைப்பாள்.

கடைசியில் ஒன்றைப் போட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

“தெரியலை” என்றாள் மகள்.

போட்டிருப்பதே தெரியவில்லையாம்.

அதையே சட்டைக்குப் பெயராக வைத்துவிட்டான் கணவன். ‘தெரியலை’, குழந்தைகளுக்கான ஆடைகள்.

அதே தொல்லையோடு பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள் ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்கள். அவள் வேலையை விட்டாள். ஆனால் இதற்கு ஏற்ற மெத்தென்ற துணியை மொத்தமாக எடுத்தால்தான் மில்லில் தருவார்கள். அந்த முதலுக்கு எங்கே போவது?

அதனால்தான் கிரவுட் ஃபண்டிங். இணையத்தில் ஒரு வீடியோவோடு பக்கம் போட வேண்டும். வேண்டியவர்கள் முன்பணம் கட்டுவார்கள். சேர்ந்த பணத்தில் துணி எடுத்து, தைத்து அனுப்ப வேண்டும். கெடுவுக்குள் கேட்ட தொகை சேராவிட்டால் எல்லாம் கட்டியவர்களுக்கே திரும்பிவிடும். அவளுக்குத் திரும்பிப் போக வேலையும் இருக்காது.

“உண்டியல் குலுக்கறதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு” என்றார் மாமனார், இதைக் கேள்விப்பட்ட அன்று.

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தச் சட்டை விவகாரமே அவருக்குப் பிடிக்கவில்லை. பேத்தி அழும்போதெல்லாம், “செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க. எல்லாரும் போடறதுதானே?” என்று எரிந்து விழுவார். இன்று வீடியோ எடுக்கும்போது என்ன நினைத்தாரோ, கதவருகே வந்து நின்றிருந்தார்.

அவர் கோபம் மகனுக்குப் புதிதில்லை. சின்ன வயதில், அப்பா வேலை முடிந்து படியேறும் சத்தம் கேட்டாலே அடுத்த அறைக்குப் போய் ஒளிந்துகொண்டவன் அவன்.

“சொல்லும்மா. பழைய சட்டையைப் போட்டா எப்படி இருக்கும்?” என்று மகளைக் கேட்டான்.

“குத்தும்.”

“அதான், எப்படிக் குத்தும்? பார்க்கறவங்களுக்குப் புரியணும்ல?”

மகள் யோசித்தாள். அம்மாவைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளிடம் சொல் இல்லை. கண் கலங்கிவிட்டது.

“எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்.”

குரல் கதவருகிலிருந்து வந்தது.

“தட்டிவிட்டாலும் போகாத எறும்பு. காலர் படற இடத்துல ஆரம்பிக்கும். அப்புறம் அக்குள். எதிர்ல இருக்கறவன் என்ன பேசறான்னே காதுல ஏறாது. அதுக்கு மேல ஒரு கோட்டு வேற. வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் கழட்டிப் போடற வரைக்கும், குறுக்க யார் வந்தாலும் கடிச்சுக் குதறிடலாம்னு இருக்கும்.”

மாமனார் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

மகள் வேகவேகமாகத் தலையாட்டினாள். “ஆமா. அப்படித்தான் இருக்கும்.”

கணவன் போனுக்குப் பின்னால் அப்படியே நின்றான். பதிவை நிறுத்தத் தோன்றவில்லை.

“ஏன்ப்பா, ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே?”

“எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்டா. மத்தவங்க பொறுத்துக்கறாங்க, எனக்குத்தான் துப்பில்லைன்னு.”

அவள் உள்ளே போய் அளவு டேப்பை எடுத்து வந்தாள்.

“கையை விரிங்க மாமா.”

விரித்தார்.

முகம் வரக் கூடாது என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குரல் மட்டும் வந்தது. அந்தக் குரலோடுதான் பக்கம் வெளியானது. ‘குழந்தைகளுக்கான’ என்று இருந்ததை எடுத்துவிட்டு, ‘எல்லா வயதினருக்கும்’ என்று மாற்றியிருந்தார்கள்.

கெடு முடியும் முன்பே பணம் சேர்ந்துவிட்டது.

விசாரித்து வரும் அழைப்புகளை இப்போது மாமனார்தான் எடுக்கிறார். கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெரியவர்கள்.

“எனக்கில்ல சார், தெரிஞ்ச ஒருத்தருக்கு” என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

“சரி. அவருக்குக் கழுத்துலயா, அக்குள்லயா?” என்று கேட்பார் இவர்.

மறுமுனையில் குரல் தாழும்.

“ரெண்டுலயும்தான் சார்.”