ஈரம் படாத பெட்டி

குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லி, சாப்பாட்டுக்குப் போகும் கூட்டத்திலிருந்து தோக்சு நழுவி வந்தான். குடை அவன் பைக்குள்ளேயே இருந்தது. தேஜோன் நகரில் மூன்று நாளாக விடாத மழை.

ஆய்வுக்கூடம் காலி. உலர்காற்றுப் பெட்டிக்குள், சூட்டுத் தட்டின் மேல், அவனுக்கு ஜூனியரான யேரினின் கண்ணாடித் துண்டு வெந்துகொண்டிருந்தது. அதன் மேல் முடியைவிட மெல்லிய பூச்சு. வெயில் பட்டால் மின்சாரம் தரும். ஈரம் பட்டால் மஞ்சளாகிச் செத்துவிடும்.

பூச்சுக்காகக் கண்ணாடி சுழலும்போது சரியாகப் பத்தாவது வினாடியில் துளி விடும் வித்தையை யேரினுக்குச் சொல்லிக்கொடுத்தவனே தோக்சுதான். ஆனால் போன ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயர் முதலில், இவன் பெயர் நான்காவது. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் அப்பா கேட்டார்: "நாலாவதா நிக்கவாடா ஏழு வருஷம் படிச்சே?"

ஜன்னலைத் திறந்தான். பெட்டிக் கதவையும் அகலத் திறந்தான். மழைக்காற்று ஜில்லென்று உள்ளே புகுந்தது.

"சாவு" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

பத்து நிமிடம் கழித்துக் குனிந்து பார்த்தான். பூச்சு இன்னும் கறுப்பாகத்தான் பளபளத்தது. மஞ்சளாக நேரம் பிடிக்கும் என்று எண்ணி, எல்லாவற்றையும் மூடிவிட்டு ஓடினான்.

சாயங்காலம், மின்சாரம் அளக்கும் அறையிலிருந்து யேரின் வெளியே வந்தாள். பின்னால் பேராசிரியர் பியோ, ஒரு தாளோடு.

"சீனியர், மத்தியானம் யாரோ பெட்டியைத் திறந்திருக்காங்க. ஈரமானி அறுபது சதவீதத்தைத் தாண்டியிருக்கு."

"உன் பெட்டி, உன் பொறுப்பு. பூட்டத் தெரியாம என்கிட்ட வந்து அழுவியா?"

"அழல சீனியர். நீங்கதானான்னு கேக்கறேன்."

தோக்சுவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நாலு பேர் பார்க்க அவள் கெஞ்சுவதாகவே அவனுக்குப் பட்டது.

"தோக்சு, குடை எடுக்க நீதானே திரும்பி வந்தே?" என்றார் பியோ.

"வாசல்லயே எடுத்துக்கிட்டேன் சார். உள்ள காலே வைக்கல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் மறுபடி கேக்க மாட்டேன்."

"எங்கப்பா மேல ஆணையா நான் இல்ல சார். இவளே திறந்து போட்டுட்டு இப்ப என் தலையில கட்டப் பாக்கறா."

பியோ தாளை மேசையில் வைத்தார்.

"வெயிலை மின்சாரமாக்கற திறன் போன வாரம் இருபது சதவீதம். இன்னிக்கு இருபத்தஞ்சு. ஈரம் பட்டதும் படிகம் பெருசு பெருசா வளர்ந்திருக்கு. இனி உலர் பெட்டியே வேண்டாம், செலவு பாதி."

தோக்சு தாளை எட்டிப் பார்த்தான்.

"திறந்தவன் பேரைக் கட்டுரையில முதல்ல போடலாம்னுதான்டா கேட்டேன்."