சாக்கும் கரியும்

சாக்கும் கரியும் ஒரே சணல் செடியில் பிறந்தவர்கள். செடியின் தோலை உரித்துச் சாக்கு நெய்தார்கள். உள்ளே இருந்த குச்சியை மூடிய உலையில் கருக்கிக் கரியாக்கினார்கள். மண்ணை வளமாக்க வயலில் போடுவதற்காக, அந்தக் கரியை அதே சாக்கில் கட்டினார்கள்.

வண்டியில் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் டிரம், "உள்ளே யாரு, உங்க சொந்தமா?" என்று கேட்டது.

"சேச்சே, யாரோ. வழியில ஏத்திக்கிட்டேன்," என்றது சாக்கு.

கரிக்கு அது கேட்டது.

வயலில் கரியைக் கொட்டி மண்ணோடு கலந்தார்கள். இரண்டு மழையில் நைந்துபோன சாக்கையும் அங்கேயே எறிந்தார்கள். மண்புழு ஒன்று தலைநீட்டி, "இந்தக் கந்தல் யாரு?" என்றது.

"எங்க அண்ணன்," என்றது கரி. "செடியில இருந்தப்போ வெயில் படாம என்னைப் போர்த்தி வச்சிருந்தவர். கொஞ்சம் தள்ளி இடம் கொடு."

சாக்குக்குச் சொல்ல ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.